கம்பி கட்டிய கொச்சிக்காய்

எங்கள் வளவில் கொச்சிக்காயை, அந்தச் சின்ன உறைப்பு மிளகாயை, கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். கலியாணம் முடித்துக் கல்லடிக்கு வந்த முதல் மாதத்திலேயே நான் இதில் பிழை விட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து என் மனைவியின் அக்கா வந்து, சம்பலுக்கு நாலு கொச்சிக்காய் கேட்டார். நான் செடியிலிருந்து ஆய்ந்துகொண்டு போய் அவருடைய கையில் வைக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"கீழ வைங்க மச்சான், கீழ! வந்து ஒரு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள என்னோட கோவிக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது, "நீங்களே ஆஞ்சிக்கங்க மச்சாள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை, நான் கொடுப்பதுமில்லை. வேண்டியபோது வந்து ஆய்ந்துகொண்டு போவார். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

அதைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருகிறவன். இப்போது நிற்கிற செடி நான் நட்டது என்றாலும் அது நிற்கிற மண் அக்கா தங்கை இருவருக்கும் தாய் கொடுத்த மண். நான் பின்பக்கச் சாய்ப்புக் கொட்டகையில் ஒரு மேசை போட்டு, எரிந்துபோன தண்ணீர் மோட்டர்களுக்கும் ஃபேன்களுக்கும் செப்புக்கம்பி சுற்றிக் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. இந்த வேலையில் அதிகம் கதைக்க வேண்டியதுமில்லை.

கொச்சி எங்கள் மண்ணில் தானாக முளைக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டும் கொச்சி காய்க்கும். ஆனால் அதில் உறைப்புத்தான் உண்டு, மணம் இல்லை. ஐந்தாறு வருடத்துக்கு முன்பு, மலைநாட்டிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிற லொறிக்காரர் ஒருவர் மோட்டர் திருத்த வந்தபோது இரண்டு நை மிரிஸ் பழங்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதுவும் ஒரு மிளகாய்தான், சிங்களத்தில் அதற்கு அதுதான் பெயர். மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் மடிப்பு. மனைவி ஒன்றை உடைக்காமல் மீன்குழம்பில் மிதக்கவிட்டாள். அந்த மணம் வேலிப் படலை வரைக்கும் வந்தது. மற்றதை நான் விதைக்கு எடுத்துக்கொண்டேன்.

இந்த மணமும் கொச்சியின் பிடிவாதமும் ஒரே செடியில் வந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்கே நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நை மிரிஸ் எங்கள் மண்ணில் நிற்கவில்லை. முதல் வருடம் முளைத்ததெல்லாம் உவர்த் தண்ணீரில் இலை நுனி கருகிச் செத்தது. இரண்டாம் வருடம் மாரியில் முளைக்க வைத்தேன். நாள்கணக்காக வெயில் இல்லை. இளங்கண்டுகள் நூல்போல நீண்டு சாய்ந்துவிட்டன. மூன்றாம் வருடம்தான் வெளிச்சம் வைத்தேன். தயிர்ச் சட்டிகளின் அடியில் ஆணியால் துளை போட்டு, பிடித்துவைத்த மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றி, சாய்ப்புக்குள் வரிசையாக வைத்தேன். மேலே இரண்டு வெள்ளைக் குழாய் விளக்குகளைத் தங்கூசி நைலோன் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். நாலு விரல் உயரத்தில் தொங்கியபோது இலை வெளுத்தது. இரண்டு சாண் உயர்த்தினால் கண்டு மறுபடியும் நீண்டது. ஒரு சாணில் நிறுத்தினேன். விடியப் போட்டால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் அணைப்பேன்.

மச்சாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், செங்கமாரி வந்து மஞ்சளிச்ச பிள்ளையளா? ஆசுபத்திரியில லைட்டுக்குக் கீழ கிடத்தின மாதிரிக் கிடத்தியிருக்கீங்க?"

"குசினியில ஒரு லைட் மாத்தித் தாங்க எண்டு நான் ஆறு மாசமாச் சொல்றன் அக்கா" என்றாள் என் மனைவி. "அதுக்கு இவருக்கு நேரமில்ல."

பதினாலு விதையில் ஐந்து தப்பின. அவற்றை வெளியே வைத்து ஒரு கிழமைக்குள்ளேயே பனிப்பூச்சி வந்தது. அது மயிரிழை அளவுப் பூச்சி. இலையை வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்துத் தட்டினால், தூசி நடப்பதுபோல் தெரியும். அது சாறு குடித்தால் குருத்திலை மேல்நோக்கித் தோணிபோல் மடியும். பிறகு அந்தச் செடி வளராது. வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்த தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, வெயில் ஏறுமுன் இலையின் அடிப்பக்கம் அடித்தேன். நாலு செடி போனது. ஒன்று பூத்தது.

அந்த ஒன்றின் மகரந்தத்தைக் கொச்சிப் பூவில் வைக்க வேண்டும். கொச்சிப் பூ தானே தன்னைக் கருக்கட்டிக்கொள்ளும். அதற்கு முந்த வேண்டும். நாளை விரியப்போகிற மொட்டைப் பார்த்து, கம்பி பிடிக்கிற சாவணத்தால் இதழைத் திறந்து, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, நடுவில் நிற்கிற காம்பின் தலையில் நை மிரிஸ் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். மூச்சு விட்டால் கை அசையும். முப்பது பூவுக்கு மேல் செய்தேன். மூன்றாம் நாள், நாலாம் நாள், ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று விழுந்தன. காலையில் போய்ச் செடியைப் பார்க்காமல் முதலில் நிலத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆவணியில் ஒரு பூ விழவில்லை. இதழ் கழன்றது, உள்ளே கடுகு அளவில் பச்சை நின்றது. அடையாளத்துக்கு அதன் காம்பில் மெல்லிய செப்புக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். குருவி கொத்தாமல் நுளம்பு கடிக்காமல் கட்டுகிற வலையின் துண்டில் ஒரு சின்னப் பை தைத்துப் போட்டேன். கம்பி இல்லாவிட்டால் அதை எனக்கே தெரியாது. கலந்தது வெளியில் தெரியாது. காய் தாய்ச் செடியின் காய்போலத்தான் இருக்கும். மாற்றம் விதைக்குள் இருக்கும்.

காய் வளர்ந்துகொண்டிருக்கும்போது ஐப்பசி முதல் மழை வந்தது. நை மிரிஸ் ஒரே நாளில் வாடி விழுந்தது. வேரைப் பிடுங்கிப் பார்த்தேன், அழுகியிருந்தது. இனி அந்த ஒரு கொச்சிக்காய்தான். அது போனால் மறுபடியும் விதை தேடி, உவர், மாரி, பூச்சி எல்லாவற்றையும் முதலிலிருந்து தாண்ட வேண்டும். நான் இளைஞனும் இல்லை.

"அக்காட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றாள் மனைவி. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நீ சொல்லு."

"உங்கட செடி, நீங்க சொல்லுங்க."

சொல்லப் போனேன். மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக ஆயச் சொன்னவன் இன்றைக்கு ஆயாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? வளவுக்கு நடுவில் வேலி போடுவதுபோல் இருக்கும். ஏன் என்று கேட்டால், பூவைத் திறந்து நான் செய்த வேலையை ஒரு பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? "மழை வரும்போல கிடக்கு மச்சாள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வானம் வெளித்திருந்தது. அவர் வானத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

காய் செம்மஞ்சளாகிப் பிறகு சிவந்தது. இன்னும் மூன்று நாள் செடியில் நின்றால் விதை முற்றிவிடும் என்று விட்டுவைத்தேன். அந்த மூன்று நாளுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்றைக்கு மச்சாளின் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் அவர்களுக்கு வயல். பெண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். இந்த முறை வீட்டைப் பார்த்து, பகல் சாப்பிட்டுப் போக வருகிறார்கள். மகன் வந்து இருக்கப்போகிற வீடு, ஆகவே கிணறு முதல் பார்ப்பார்கள். மனைவி வெள்ளெனவே அக்காவின் குசினிக்குப் போய்விட்டாள்.

நான் காலையில் செடியைப் பார்த்தபோது நுனி இலை ஒன்று மேல்நோக்கி மடிந்திருந்தது. வலைப் பையைக் கழற்றிவிட்டு வேப்பந்தண்ணீர் அடித்தேன். நனைந்த பையைக் கொடியில் போட்டேன். அந்த நேரம் டவுனிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் மோட்டர் நின்றுவிட்டதாம். போய் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடலாம் என்று வாவிப் பாலத்தைத் தாண்டிப் போனேன். வேலை பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இழுத்தது.

திரும்பி வந்து சைக்கிளை நிறுத்துமுன்பே செடியைப் பார்த்தேன். சிவப்பே இல்லை. எட்டிப் பிடிக்கக்கூடிய கிளைகளெல்லாம் வெறுமையாக நின்றன. கொடியில் வலைப் பை காய்ந்திருந்தது. செடியின் கீழே மணலில் என் செப்புக்கம்பி, இரண்டு சுற்றும் குலையாமல், கிடந்தது.

மனைவி தண்ணீர் அள்ள வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை வைத்தாள்.

"அக்கா ஆஞ்சவவா? எனக்குத் தெரியாதுங்க. நான் இறால் உரிச்சிக்கிட்டு இருந்தன்."

"போய் வாங்கிட்டு வா."

"என்ன சொல்றீங்க? அங்க மாப்பிள்ளை வீட்டாக்கள் இருக்காங்க. கலியாணம் கதைக்கிற இடத்தில போய்க் கொச்சிக்காயைத் திருப்பித் தா எண்டு கேக்கவா? கைக்குக் கை குடுத்தாலே சண்டை எண்டுறாங்க. இது குழம்பினா நான் எங்கிட அக்காட முகத்தில முழிக்கிறதில்லையா?"

அவள் சொன்னது சரி. சரி என்று தெரிந்துகொண்டே நான் மச்சாளின் குசினிக் கதவடிக்குப் போனேன். அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் கொச்சிக்காய் மிதக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். பச்சையாக இரண்டு மட்டும் மிதந்தன.

"மச்சாள், அந்தக் கொச்சிக்காய்..."

"ஓம் மச்சான், உங்கட செடியாலதான் இண்டைக்கு மானம் தப்பினது. மாப்பிள்ளைட ஐயாவுக்குச் சோத்தோட பச்சைக் கொச்சிக்காய் கடிக்காட்டிச் சரிவராதாம். அதில ஒண்டில கம்பி கிடந்தது பார்த்தீங்களா? நல்ல வேளை நான் கண்டன். இல்லாட்டி அந்த மனிசன்ட தொண்டையில ஏறியிருக்கும். இவடத்த நிக்காதீங்க, முன்னுக்குப் போங்க. இவர் ஒத்தையில இருந்து முழிக்கிறார்."

முன்னுக்குப் போனேன். மச்சாளின் கணவர், என் சகலன், எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மேசையில் சோறு, மீன்குழம்பு, இறால் வறை. மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் கொச்சிக்காய். எனக்கு நேரெதிரே.

பதினொன்று இருந்தது. ஏழு வெளிறின பச்சை, நாலு சிவப்பு. என்னுடையது அந்த நாலில் ஒன்று. எது என்று தெரியவில்லை. சாவணம் பட்ட காய் சற்றுக் கோணலாக இருக்கும் என்று பார்த்தேன். நாலும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தன.

அவர் நல்ல உயரமான மனிதர், வெயிலில் கறுத்த கை. கவளத்துக்கு ஒரு கொச்சிக்காய் என்று கடித்தார். முதலில் பச்சையை எடுத்தார். ஒன்று. சகலன் கிணற்றின் ஆழத்தைச் சொன்னார். இரண்டு. கோடையில் உவர்க்குமா என்று அவர் கேட்டார். மூன்று. அவருடைய விரல்கள் தட்டுக்கு மேல் வரும்போதெல்லாம் என் விரல்கள் சோற்றுக்குள் நின்றுவிட்டன.

"தம்பி சாப்பிடுறார் இல்லையே" என்றார் அவர்.

"அவர் அப்படித்தான்" என்றார் சகலன். "கதையும் குறைவு, சாப்பாடும் குறைவு."

ஏழு பச்சையும் முடிந்தது. வயிறு நிறைந்திருக்கும் என்று நினைத்தேன். மச்சாள் வந்து இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார்.

"பழுத்ததுதான் ருசி. அதுதான் கடைசிக்கு வச்சனான்" என்று சொல்லி மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு சிவப்பை எடுத்தார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் காம்போடு பிடித்துக் கடித்தார். மென்றார். காம்பைச் சாப்பாட்டு இலையின் ஓரத்தில் வைத்தார். நாலில் ஒன்று போய்விட்டது. இனி மூன்று. அவருடைய கை மறுபடியும் நீண்டு, இரண்டாவது சிவப்பைத் தூக்கி, வாய்க்குக் கிட்டப் போனது.

"ஐயா, அதைக் கடிக்காதீங்க!"

என் குரல் எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சத்தமாக வந்தது. மேசை முழுக்க நின்றுவிட்டது. குசினிப் பக்கத்தில் ஏதோ தட்டு விழுந்தது. சகலன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் கழுத்தைத் திருப்பினார்.

"ஏன், இந்த வீட்டில கொச்சிக்காய்க்கும் தட்டுப்பாடா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அவருடைய கையில் இருந்த காயை விட்டு என் கண் அசையவில்லை.

"விதைக்கு" என்றேன். "விதைக்கு வச்சது, ஐயா. தெரியாம ஆஞ்சித்தாங்க."

அவர் கையைத் தாழ்த்தினார். காயைத் தட்டில் வைத்தார். கையை உதறி, தட்டை எனக்குப் பக்கமாகத் தள்ளினார்.

"விதை எண்டு சொல்றார் புள்ள" என்றார் தன் மனைவியிடம். "விதை நெல்லைக் குத்தி நாம திம்பமா? வாய மூடு." பிறகு என்னிடம் திரும்பினார். "ஒண்டு உள்ள போயித்தே தம்பி. அதுவும் விதையா?"

"நாலில ஒண்டுதான் ஐயா. எது எண்டு தெரியாது."

அவருடைய முகம் மாறியது. அதற்குப் பிறகு அவர் அதிகம் சாப்பிடவில்லை. நான் மூன்று காயையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பினேன். முதுகுக்குப் பின்னால் மச்சாள் வேகமாக வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைக்கிற சத்தம் கேட்டது.

அவர்கள் போன பிறகு மச்சாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"சம்மந்திட வாயில இருந்து பறிச்சிருக்கீங்க மச்சான். என்ட புள்ளட காரியம் இது. ஒரு கொச்சிக்காய்க்கு!"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்ன சொன்னாலும் அது ஒரு கொச்சிக்காய்தான்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டாரின் பதிலுக்கும் விதை முளைப்பதற்கும் காத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லவில்லை. மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. கொச்சிக்காய் ஆயவும் வரவில்லை, பழுத்ததைக் குருவி தின்றது. அவருடைய மகள் மட்டும் வழக்கம்போல, "சித்தப்பா, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டு போவாள். அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது. மனைவி படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்ப்பாள். நான் மூன்று காயையும் தனித்தனியே பிளந்து, மூன்று தயிர்ச் சட்டிகளில் தனித்தனியே போட்டு, விளக்கின் கீழ் வைத்தேன். என்னுடைய காய் இந்த மூன்றில் இருந்தால், ஒரு சட்டியில் முளைப்பதெல்லாம் வேறு மாதிரி இருக்க வேண்டும். இலை அகலமாக, மேடு பள்ளமாக.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. சம்மதம். கொச்சிக்காய் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கிணற்றை மட்டும் இன்னும் இரண்டு முழம் ஆழமாக்கச் சொன்னார்களாம். மச்சாள் அடுத்த நாள் காலை செடியடிக்கு வந்து, ஆயாமல் நின்றார்.

"ஆயலாமா மச்சான்? இல்லாட்டி இதிலயும் கம்பி கட்டியிருக்கா?"

"ஆயுங்க மச்சாள்" என்றேன்.

முதல் சட்டியும் இரண்டாம் சட்டியும் ஒரே கிழமையில் முளைத்தன. இலை ஒடுங்கி, வழவழவென்று, கூராக இருந்தது. வெறும் கொச்சி. மூன்றாம் சட்டி பத்து நாள் பிந்தி முளைத்தது. நாலே நாலு கண்டு. பிந்தினதே நல்ல அறிகுறி என்று நினைத்தேன். ஆறாவது இலை வந்தபோது அதில் மடிப்பு தெரிந்தது. மேடு பள்ளமாக, நை மிரிஸ் இலையைப்போலவே. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "வேற மாதிரித்தான் கிடக்கு" என்றாள். அன்றைக்கு நான் வேலையே செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து வெயில் வெளிச்சத்தில் பார்த்தேன். மடிப்பின் ஓரம் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன். தூசி நடந்தது. மடிப்பு பனிப்பூச்சி செய்த மடிப்பு. மருந்தடித்த பிறகு வந்த இலைகள் ஒடுங்கி, வழவழவென்று இருந்தன. ஆனாலும் பூக்கும் வரைக்கும் வைத்திருந்தேன். நை மிரிஸ் பூ கொத்தாகக் கீழ் பார்த்துத் தொங்கும்; இது கணுவுக்கு ஒரு பூ, மேல் பார்த்து நின்றது. கொச்சி.

ஆக, மாப்பிள்ளையின் தகப்பன் தின்ற அந்த முதல் சிவப்புத்தான் என்னுடையது.

வைகாசியில் கலியாணம். சோறு முடிந்து நான் பந்தலின் பின்பக்கம் ஒதுங்கி நின்றபோது மாப்பிள்ளையின் தகப்பன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். புது வேட்டி, கையில் வெற்றிலை.

"என்ன தம்பி, விதை முளைச்சிச்சா?"

"ஓம் ஐயா. முளைச்சிச்சி."

"நீங்க நினைச்ச விதைதானா? நான் திண்டது அதில்லையே? அண்டைக்கு வீட்டுக்குப் போய் எனக்கு நித்திரை வரல்ல. ஒருத்தன் விதைய நான் திண்டுத்து வந்திற்றனே எண்டு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனைக் கொண்டுவந்து எங்கள் வளவில் விட்டுவிட்டுப் போகப்போகிறவர். பொய் சொல்ல எனக்கு வராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"இல்லை ஐயா. மத்ததுக்குள்ள இருந்திச்சி."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். என் தோளில் தட்டினார்.

"அப்ப எனக்கு ரெண்டு கண்டு தர வேணும். வயல் வட்டை வரம்பில வச்சிப் பார்ப்பம்."

"தாறன் ஐயா."

தண்ணீர்ச் செம்போடு வந்த என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் போன பிறகு கிட்ட வந்தாள்.

"ரெண்டு கண்டும் எங்க இருந்து குடுக்கப் போறீங்க?"

லொறிக்காரரின் ஃபோன் இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்துவிட்டு அழைத்தேன். நை மிரிஸ் என்றதும் சிரித்தார், அடுத்த பயணத்தில் ஒரு பொதி கொண்டுவந்து தந்தார். இப்போது விளக்கின் கீழ் ஏழு கண்டு நிற்கிறது. ஒன்றாவது பூக்க இன்னும் எத்தனையோ மாதம். பிறகு கொச்சிப் பூ, சாவணம், விழுகிற பூக்கள்.

அவர் மாதத்தில் இரண்டு தடவை மகனைப் பார்க்க வருகிறார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மோட்டர் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்துவிடுவேன். வேலி ஓரம் நின்று, "கண்டு எப்பிடித் தம்பி?" என்று கேட்பார். "இன்னும் சின்னன் ஐயா" என்று சொல்வேன். போன முறை வந்தபோது, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சாய்ப்புக்குள்ளேயே வந்துவிட்டார். குனிந்து ஒவ்வொரு சட்டியாகப் பார்த்தார். ஒரு இலையின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கினார்.

"இது மேல மடியுது தம்பி" என்றார். "பார்த்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை.